சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை

எங்கள் கீழ்வீட்டில் இருப்பவரைத் தெருவில் எல்லோரும் பலகை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை, கதவு எண், பள்ளிக்கூடங்களுக்குப் பதக்கம், கடைகளுக்கு விலைச்சீட்டு நிறுத்தும் தாங்கி என்று மரப்பலகையிலும் அக்ரிலிக்கிலும் வெட்டிக் கொடுப்பது அவர் தொழில். வெட்டுவது அவர் கை இல்லை. முன்பு துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பின்னறையில் கட்டில் அளவுக்கு நிற்கும் லேசர் மெஷின்தான் வெட்டும். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு, பலகையை உள்ளே படுக்கவைத்து, மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இறங்கி மரத்தை எரித்துக்கொண்டே கோடு போடும். அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

'வேலை பார்க்கிறேன்' என்று எல்லோரும்தான் சொல்கிறோம். சொன்ன சொல்லுக்கு அப்படியே, வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மெஷினுக்கு அவர் கை வேண்டாம், கண் வேண்டும். எரித்து வெட்டுகிற சாமான் எந்த நேரத்திலும் வெட்டுவதை விட்டுவிட்டு எரிக்க மட்டும் செய்யலாம். கதிர் படும் இடத்தில் ஒரு சின்ன மஞ்சள் நாக்கு எழும்பும். முனையில் காற்று ஊதும் ஒரு குழாய் இருக்கிறது. அது நாக்கை ஊதி அணைத்துவிடும். அணையாமல் நின்றால் சிவப்புப் பொத்தானை அடிக்க ஓர் ஆள் அங்கே இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை அந்த முக்காலி.

பார்க்கிறவர்களுக்கு அது சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரித்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்கிறேன். காலையில் படியிறங்கும்போது என் வீட்டுச் சாவியை அவர் ஜன்னலில் நீட்டுவேன். "அக்கா, குழாய் ரிப்பேருக்கு ஆள் வருவார். கொஞ்சம் திறந்து விட்டுடுங்க. நீங்க உக்காந்துதானே இருக்கீங்க?" எதிர்வீட்டுப் பார்சலும் அவரிடம்தான் வரும். மின் மீட்டர் பார்க்க வருகிறவரும் அவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார். ஒவ்வொரு மணிக்கும் அக்கா மெஷினை நிறுத்தி, எழுந்து, போய், திரும்பி வந்து, மறுபடி ஓட்டுவார். நிறுத்தி ஓட்டிய இடத்தில் பலகையில் கருப்பாக ஒரு தழும்பு விழுந்துவிடும். சில சமயம் அந்தப் பலகையையே தூக்கிப் போட வேண்டிவரும். இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் எங்கள் காதில் ஏறியிருக்குமா என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் இன்னும் இரண்டு பேர். கணவர் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக், ஷிஃப்ட் வேலை. 'ஊரையே மேலே ஏத்திவிட்டுட்டு நான் மட்டும் குழியில நிக்கிறேன்' என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார். மாமனார் நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவர். காடு மேடெல்லாம் சங்கிலி பிடித்து அளந்த கால்கள், இப்போது கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடும். மருமகளை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கூப்பிடுவார்.

அக்கா இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஒரு கேடயக் கடையில் எழுத்து ஒட்டும் வேலை செய்தவர். கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகளோடு போய்விட்டார். அப்போது ஒரு கல்லூரி வேண்டாமென்று ஒதுக்கிய இந்த மெஷினைக் கணவரும் அவரும் வாங்கி வந்து போட்டார்கள். பொருத்திக் கொடுத்த சர்வீஸ்காரர் போகிறபோது கதவோரம் ஒரு தீயணைப்பு சிலிண்டரை நிறுத்தினார்.

"அக்கா, இது அடுப்பு மாதிரி. அடுப்பைப் பத்தவெச்சுட்டுக் கடைக்குப் போவீங்களா?"

"போயிருக்கேனே" என்றாராம் அக்கா.

சர்வீஸ்காரர் சிரிக்கவில்லை. "இதுல போகாதீங்க. அடியில தேன்கூடு மாதிரி ஒரு தட்டு இருக்குல்ல, அதை வாராவாரம் கழுவுங்க. துண்டும் தூளும் சேர்ந்தா அதுவே விறகாயிடும். சிலிண்டர் கதவுகிட்டயே இருக்கட்டும். ஓடி வர்றவங்க கைக்கு அதுதான் முதல்ல கிடைக்கணும்."

முதல் வருஷம் வாராவாரம் கழுவினார். பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு, ஞாபகம் வந்தால். பலகைகள் பெருகி அடுக்க இடமில்லாமல் போனதும் சிலிண்டர் கதவோரத்திலிருந்து சுவரோரம் போனது. அதன் முன்னால் பலகைகள் ஏறின. அலட்சியம் என்று சொல்லிவிடலாம், வாய் சுலபமாகச் சொல்லும். நான் பக்கத்திலிருந்து பார்த்தது அலுப்பு. ஒரு வேலையைச் செய்து களைப்பது ஒரு விதம். எதுவும் நடக்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்து களைப்பது வேறு விதம். ஆறு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத இடத்தில் கண்ணை நட்டுவைத்து உட்கார்ந்திருக்கிறவருக்கு, 'ஒரு நிமிஷம்தானே' என்ற சொல் எவ்வளவு இதமாக இருந்திருக்கும்!

அன்று எனக்குக் காய்ச்சல், லீவு போட்டு மேலே படுத்திருந்தேன். அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கு நூற்று நாற்பது மரப் பதக்கம் வெட்டும் வேலை. காலையிலிருந்து எத்தனை தடவை நிறுத்தினார் என்று பிறகு அவரே விரல் விட்டுச் சொன்னார். பால்காரர், பார்சல், மாமாவுக்கு மாத்திரை, மாமாவுக்கு வெந்நீர், போன், மறுபடி பார்சல், கணவர் மறந்துவிட்டுப் போன அடையாள அட்டையைத் தேடி எடுத்தது, மீட்டர். எட்டு. அதில் இரண்டு பலகை வீணாயிற்று.

மதியம் இரண்டு மணி இருக்கும். காற்றுக்குழாயில் 'உஸ்' என்று ஒரு சத்தம் மாறிக் கேட்டது. குழாயை இறுக்கும் பூட்டு தளர்ந்திருக்கும், இந்தப் பலகை முடிந்ததும் பார்க்கலாம் என்று நினைத்தார். திரையில் இன்னும் பதினோரு நிமிஷம் என்று காட்டியது. அப்போது குளியலறையிலிருந்து மாமனார் குரல் வந்தது.

"அம்மா... எந்திரிக்க முடியலம்மா."

"அமுக்கணும்னு தோணுச்சு" என்றார் அக்கா என்னிடம். "கைகூட நீட்டினேன். இன்னொரு பலகையும் போயிடுமேன்னு இருந்துச்சு. நீட்டின கையை எடுத்துட்டு ஓடிட்டேன்."

மாமனார் விழவில்லை. குளிக்க உட்கார்ந்த ஸ்டூல் சுவரோடு சறுக்கிக்கொண்டு போய், முழங்கால் மடங்கிப் பூட்டிக்கொண்டது. ஈர உடம்பு, கைக்குப் பிடிபடவில்லை. அக்கா அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார், அவர் கொஞ்சம் எழும்புகிறார், மறுபடி உட்கார்ந்துவிடுகிறார். மூன்றாவது தடவை தூக்கும்போது மாமனார்தான் சொன்னார்: "என்னம்மா, இன்னைக்கு வாசனை வேற மாதிரி இருக்கு?"

ஆறு வருஷமாக மரம் கருகும் வாசனையிலேயே இருந்த அக்கா மூக்குக்கு அது எட்டவில்லை. அவர் சொன்ன பிறகு எட்டியது. அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு ஓடினார்.

மெஷினுக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தீ. புகையை வெளியே தள்ளுகிற விசிறி தீயையும் சேர்த்துக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தது. மூடியின் கண்ணாடி கண்ணாடி இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். அது நடுவில் தொங்கிக் குழைந்துகொண்டிருந்தது. அக்கா சிவப்புப் பொத்தானை அடித்தார். சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினார். விசிறி நின்றது, வெளியே போய்க்கொண்டிருந்த புகையெல்லாம் அறைக்குள் திரும்பியது. சிலிண்டருக்குக் கை நீட்டினால் முன்னால் பலகை அடுக்கு. அடுக்குக்கு மேலாக எக்கிக் கையை விட்டபோது மூடியிலிருந்து உருகிய சொட்டு ஒன்று முன்கையில் விழுந்தது. அடுக்கின் ஓரமும் பற்றிக்கொண்டது.

ஒரு நொடி அப்படியே நின்றாராம். மெஷினும் பதக்கமும் கம்ப்யூட்டரும் எல்லாமே அங்கேதான். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். மாமனாரின் ஈரத் துண்டைக் கொண்டுவந்து கதவின் அடி இடைவெளியில் திணித்தார். அதற்குப் பிறகுதான் கத்தினார். எனக்குக் கேட்டது அந்தக் கத்தல்தான். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணிக்கொண்டே ஓடினேன்.

நானும் அவரும் மாமனாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கித் தெருவுக்குக் கொண்டுவந்தோம். வீட்டுக்குள்ளிருந்து கரும்புகை வருகிறது, சனம் கூடுகிறது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "எனக்கு ஒரு சட்டை எடுத்துட்டு வர முடியுமா? தெருவே பாக்குதே." நான் போர்த்தியிருந்த போர்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினேன். அது பூப்போட்ட போர்வை. அதற்கும் அவர் முகம் சுளித்தார்.

வண்டி கால் மணி நேரத்தில் வந்தது. அணைத்து முடிக்க அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. பின்னறை கரி. கதவின் உட்பக்கம் பாதி எரிந்து நின்றது. ஹாலில் புகைக்கறை தவிர வேறொன்றும் இல்லை. நிலைய அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார், தூங்கி நாளாகிப்போன முகம்.

"கதவைச் சாத்தினது யாரு?"

"நான்தான் சார். தப்புங்களா?"

"தப்பா? திறந்து போட்டுட்டு ஓடி வந்திருந்தா இந்நேரம் மேல்வீட்டுக்கும் சேத்துத் தண்ணி அடிச்சிட்டிருப்போம்." பிறகு நோட்டை எடுத்தார். "மெஷின் ஓடும்போது எங்க போயிருந்தீங்க?"

அக்கா சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார், உடனே எழுதவில்லை.

"சும்மா விட்டுட்டுப் போனேன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்கிட்ட சொன்னதில்லம்மா. எல்லாருக்கும் போறதுக்கு ஒரு நல்ல காரணம்தான் இருக்கு" என்றார். "கையில மருந்து போட்டுக்கங்க."

மருந்து வாங்க நான் போய்த் திரும்பும்போது, அக்கா எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. தலை ஒரு பக்கம் தொங்கியது. மயக்கம் என்று இரண்டு பேர் பதறினார்கள். நான் கிட்டே போய்க் குனிந்தேன். குறட்டை. பட்டப்பகலில், தெருவே வேடிக்கை பார்க்க, தீயணைப்பு வண்டிக்கு முன்னால் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. தூங்கவிட்டே கையில் களிம்பு தடவினேன். அப்போதும் விழிக்கவில்லை.

கணவர் வந்தார். முதலில் அப்பாவைப் பார்த்தார், பிறகு மனைவியின் கையை, பிறகு பின்னறையை. வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிறுத்திட்டுப் போயிருக்கக் கூடாதா? ஒரு பொத்தான்தானே?"

அக்கா சத்தம் போடவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க நிறுத்துறது? காலையிலிருந்து எட்டுத் தடவை நிறுத்தினேன். ஒன்பதாவது தடவை நிறுத்தல. அந்த எட்டை யாரும் கேக்கல, பாருங்க."

கட்டிலிலிருந்து மாமனார் சொன்னார்: "நான் கூப்பிட்டதாலதான்..."

"நீங்க என்னைக் கூப்பிடாம வேற யாரை மாமா கூப்பிடுவீங்க?" என்றார் அக்கா.

பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியருக்கு அவரே போன் செய்து பதக்கம் வராது என்று சொன்னார். அந்தப் பக்கம் என்ன கத்தினார்களோ, 'ஆமா சார், ஆமா சார்' என்று கேட்டுக்கொண்டு வைத்தார். அடுத்த பத்து நாள் கரியைக் கழுவினோம். கரி அவ்வளவு சுலபத்தில் விடுகிற சாமான் இல்லை. துடைத்த துணியைப் பிழிந்தால் கருப்பு, பிழிந்த கையைக் கழுவினால் கருப்பு, கழுவிய தொட்டியைப் பார்த்தால் அதுவும் கருப்பு. தலைவாரும்போதுகூட சீப்பில் வந்தது. மூன்றாம் நாள் அக்காவிடம் கொடுத்துவந்த என் உபரிச் சாவியைச் சத்தமில்லாமல் நூலகத்து மேஜை இழுப்பறைக்கு மாற்றிவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. துணி பிழிந்துகொண்டிருந்தேன்.

சர்வீஸ்காரர் வந்து எலும்புக்கூடாக நின்ற மெஷினைக் கிளறிப் பார்த்தார். காற்றுக்குழாயின் பூட்டு கழன்றிருந்ததைக் காட்டினார். அடித்தட்டில் ஒரு விரல் கனத்துக்கு மண்டியிருந்த கரிப்பிசினைச் சுரண்டிக் காட்டினார்.

"இதைக் கடைசியா எப்பக்கா கழுவினீங்க?"

"நிஜம் சொல்லட்டுமா, பொய் சொல்லட்டுமா?"

"பொய்யை எல்லாரும் எனக்கு மனப்பாடமாவே ஒப்பிப்பாங்க. நிஜத்தைச் சொல்லுங்க."

"நாலு மாசம்."

அவர் திட்டவில்லை. "என் கஸ்டமர்ல பாதிப்பேர் வீட்டுல ஓட்டுறவங்கதான். உங்க நம்பரை அவங்களுக்குக் குடுக்கட்டுமா? நான் சொன்னா சர்வீஸ் சார்ஜுக்குச் சொல்றான்னு நினைக்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். அக்கா கையை லேசாக அசைத்தார். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், போங்க என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து முந்தையதில் பாதி அளவே இருக்கும் ஒரு பழைய மெஷின் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்த சாமான் வேறு. குளியலறைச் சுவரில் பதிக்க இரண்டு இரும்புக் கைப்பிடியும், உயரமான குளியல் நாற்காலியும். கணவர் லீவு போட்டுத் தன் கையாலேயே துளை போட்டு மாட்டினார். மாமனார் பிடித்து எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து பார்த்தார். "அளவு ரெண்டு அங்குலம் தப்பு" என்றார். கணவர் கழற்றி மறுபடி மாட்டினார். வாசலில் பார்சலுக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். அழைப்புமணியின் ஒயரை மெஷின் ஓடும் நேரத்தில் கழற்றிவைத்தார்கள். பின்னறையில் அன்றைக்கு வெட்டும் பலகை தவிர வேறு எதுவும் இல்லை. சிலிண்டர் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கியது. கூரையில் புகை பட்டால் அலறும் ஒரு வட்டப் பெட்டி. அது வந்த முதல் வாரம் ஊதுபத்திக்கெல்லாம் அலறியது.

கணவர் வீட்டில் இருக்கும் நேரம் மட்டும் மெஷின் ஓடும்; அதுவும் நாலு மணி நேரம்தான். முதல் பதினைந்து நாள் அவர் ஹாலில் காவலுக்கு உட்கார்ந்தார். பிறகு ஷிஃப்ட் மாறியது, தலைவலி வந்தது, ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று மாடிகளுக்கு நடுவில் நின்றது. அவர் வராத நாளில் அக்கா மெஷினை ஓட்டவில்லை. அவசரமென்று வந்த இரண்டு மூன்று பேர் வேறிடம் போனார்கள். "போகட்டும். அவங்களுக்கு அவசரம், எனக்கு இல்ல" என்றார். சொல்லிவிட்டு அன்று மதியம் படுத்துத் தூங்கினார். இப்போதெல்லாம் மதியத்தில் அவர் தூங்குகிறார். முன்கையில் அந்தச் சொட்டு விழுந்த இடம் ஒரு பொத்தான் அளவுக்குப் பளபளவென்று இருக்கிறது. அலுப்பு போய்விட்டதா என்று கேட்டேன். "எங்க போகும்? முன்னாடி கண்ணுல இருந்துச்சு, இப்ப கொஞ்சம் இடுப்புக்கு இறங்கியிருக்கு" என்றார்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல், எங்கள் வயதுதான் இருக்கும்.

"சர்வீஸ்காரர் நம்பர் குடுத்தார்க்கா. நானும் வீட்டுலதான் ஓட்டுறேன், அட்டைப்பெட்டி வெட்டுறேன். ரெண்டு நாளா வெட்டுற இடத்துல நாக்கு கொஞ்சம் பெருசா வருது. அணைஞ்சுடுது, ஆனா மனசு திக்குதிக்குனு இருக்கு. அதான் உங்களைக் கேக்கலாம்னு..."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "இப்ப மெஷின் ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"நீ எங்க இருக்க?"

"வாசல்ல. உள்ள சத்தமா இருக்கு, உங்க பேச்சு கேக்காதுன்னு..."

"போனை வை. போய் நிறுத்து. நிறுத்திட்டுக் கூப்பிடு."

"இன்னும் அஞ்சு நிமிஷம்தான்க்கா, முடிஞ்சிடும்."

"போனை வைம்மா!"

அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். நானும் பார்த்தேன். டீ ஆறியது. உள்ளே மாமனார் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். மறுபடி அடித்தது.

"நிறுத்திட்டேன்க்கா." மூச்சு வாங்கியது. "மூடிக்கிட்ட லேசா கருகியிருக்கு. அணைச்சுட்டேன். ஒண்ணும் இல்ல."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். "தண்ணி குடி. குடிச்சுட்டு, அடியில ஒரு தட்டு இருக்கும் பாரு, ஆறினதும் அதை வெளிய எடு. நான் லைன்லயே இருக்கேன்."